பொருக்கு கரையும் வரை

— இன்னொரு தடவை சொல்லு, ஜாஸ்பின். கேக்குன்னா எனக்கு கிறிஸ்மஸ் கேக்குதான் ஞாபகம் வருது.

— நெசமாவே தெரிஞ்சுக்கிடத்தான் கேக்குறீகளா, இல்ல என் பதட்டத்தை மறக்கடிக்கப் பேச்சுக் குடுக்கீகளா?

— ரெண்டும்தான் புள்ள. சிவகாசியில காலண்டர் டிசைன் போடுறவனுக்கு அசாம்ல இருக்குற எண்ணெய்க் கிணறு எப்படி வெளங்கும்? எங்க பிரஸ்ல தங்கச்சாமி உனக்குச் 'சேத்து இன்ஜினியர்'னே பேரு வச்சிருக்கான்.

— சரியாத்தான் வச்சிருக்காரு. கேளுங்க. கிணறு தோண்டும்போது சேத்துக் கரைசலை உள்ள ஓட விடுறோம்ல? அதுல உள்ள தண்ணி பாறைக்குள்ள கசிஞ்சிரும். தூளு மட்டும் செவத்துல தங்கி, பொருக்கு மாதிரி படியும். அதுக்குத்தான் கேக்குன்னு பேரு.

— அது நல்லதா, கெட்டதா?

— தோண்டுற வரைக்கும் நல்லது. அது இல்லேன்னா அம்புட்டுச் சேத்தையும் பாறை குடிச்சுப்புடும். தோண்டி முடிச்ச பெறவு அதுவே அடைச்சுக்கிட்டு நிக்கும். எண்ணெயை உள்ள வர விடாது.

— சுரண்டி எடுத்தா என்ன?

— எங்கன போயி சுரண்ட? நேரா கீழ எறங்கி, பெறவு படுக்கைவாக்குல திரும்பி, ஒரு கிலோமீட்டர் போகுது இந்தக் கிணறு. கரைக்கத்தான் செய்யணும். அந்தப் பொருக்குல பாதி சுண்ணாம்புக்கல் தூளு. நம்ம ஆலங்குளத்துல எடுக்காகள்ல, அதே கல்லுதான். ஆசிட் பட்டா நுரைச்சுக் கரைஞ்சிரும்.

— அப்ப ஊத்திவிட வேண்டியதுதானே?

— எங்க சீஃப் சூர்யபிரகாஷ் சாரும் அதான் சொன்னாரு. ஆனா வேகமான ஆசிட்டு மொத எடத்துலயே பொருக்கைப் பொத்துக்கிட்டு அம்புட்டும் அது வழியாப் போயிரும். மிச்ச தூரம் பூரா அடைச்சது அடைச்சபடியே கிடக்கும். அதான், மெல்ல மெல்ல ஆசிட்டா மாறுற மருந்தை விடுவோம்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். நேத்துல இருந்து ஊறுது. இப்ப வால்வைத் திறக்கப் போறாக.

— வரலேன்னா?

— வரலேன்னா என் பேச்சைக் கேட்டுத்தான் கிணறு கெட்டுச்சும்பாக.

— அது சரி. சாப்பிட்டியா?

— எறங்கல.

— ரெண்டு பிஸ்கட்டையாவது டீயில முக்கித் தின்னு. வெறும் வயித்தோட நின்னா எண்ணெய் சீக்கிரமாவா வரப்போகுது?

— இருங்க, கூப்பிடுறாக. போனைக் கேபின்லயே வச்சிட்டுப் போறேன். கட் பண்ணிராதீக.

— நீ போயிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்... ஏ பாப்பா, அப்பா பேனாவை வாயில வைக்காத தங்கம். அம்மா கிணறு திறக்கப் போயிருக்கா. நீயும் ஜெபம் பண்ணு. கையைத் தட்டுறியா? சரி, தட்டு. அதுவும் ஜெபந்தான்.

— என்னங்க! இருக்கீகளா?

— இருக்கேன், இருக்கேன். சொல்லு.

— வந்திருச்சு! மொதல்ல கலங்கலா வந்துச்சு, பெறவு நுரையா வந்துச்சு, பெறவு பாத்தா எண்ணெய்! நெனச்சதுக்கு மேலேயே வருது. பூரா தூரமும் திறந்திருந்தாத்தான் இம்புட்டு வரும். சீஃப்பே வந்து கையைக் குடுத்தாரு.

— ஏ புள்ள! எனக்கு இங்கன கால் தரையில நிக்கல... என்ன இது, எதுக்கு அழுகுற?

— நல்ல பேரோட முடிச்சுட்டேன்ல, அதுக்குத்தான். இதுதாங்க எனக்குக் கடைசிக் கிணறு. நாளைக்கு வேலையை விடுறேன்னு சொல்லிரப் போறேன்.

— என்ன சொல்ற? எங்க அம்மா போன்ல ஏதும் பேசிருச்சா?

— அத்தையைச் சொல்லாதீக. முட்டி வலியோட பிள்ளையைத் தங்கமாப் பாத்துக்கிடுறாக. நான்தான்... ரொம்ப நாள் கழிச்சு நேத்து வீடியோல என்னைப் பாத்ததும் பாப்பா துண்டை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டா. நீங்களும் பாத்தீகள்ல? பெத்தவ மூஞ்சி அவளுக்கு வேத்து மூஞ்சி ஆயிருச்சு. நான் இங்கன எந்தக் கிணத்தைத் திறந்து என்ன?

— அட கிறுக்கி! அதை நெனச்சா நேத்துல இருந்து சோறு எறங்காம இருக்க? நான் வெவரம் சொல்லுறதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு.

— என்ன வெவரம்?

— நீ போனதுல இருந்து எனக்கும் அவளுக்கும் தெனமும் ஒரு விளையாட்டு. நான் உன் போட்டோவைக் காட்டுவேன். உடனே அவ துண்டைப் போட்டு மூஞ்சியை மூடிக்கிடணும். நான் உன்னை மாதிரியே குரலை மாத்தி, 'எங்க என் பாப்பா? அம்மா வந்துட்டேன்'னு கூப்பிடணும். அப்பத்தான் துண்டை எடுத்துட்டு கெக்கெக்கேன்னு சிரிப்பா.

— அப்ப நேத்து...

— நேத்து உன்னையே பாத்துட்டால்ல? மூடிக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருந்தா தெரியுமா? நீதான் கூப்பிடவே இல்ல.

— எனக்குத் தெரியாதுங்க... எனக்குத் தெரியவே தெரியாது...

— கண்ணைத் துடைச்சுட்டு வீடியோவைப் போடு. ஸ்பீக்கர்ல உன் குரலைக் கேட்டுட்டு இப்பவும் துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கா. கூப்பிடு புள்ள, இன்னைக்கு நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கா.