கம்பிக்கு அப்பால் வெட்டிவைத்த குழி

மேடையிலிருக்கும் பெரியோர்களே, தலைநகரிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் வெர்க்வியானி ஊர் மக்களே, முன்வரிசையில் இருக்கும் எத்தெரி அக்கா!

முதலில் மூச்சு விடுங்கள். நம் ஜும்பெர் கோப்பாத்ஸே ஐயா நேற்று அடக்கமாகிவிட்டார். எங்கே? அவர் கேட்ட இடத்தில்! கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், அவருடைய தாய் தகப்பனுக்கு அருகில்! அழ வந்த இடத்தில் இப்படி நிம்மதியாகப் பேசுவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

ரஷ்யாவோடு நடந்த போருக்குப் பிறகு நம் ஊர் இரண்டானது. அந்தப் பாதியைத் தனி நாடு என்கிறது ரஷ்யா. படை வைத்திருக்கிறது, பணம் கொடுக்கிறது. உலகத்தில் பெரும்பாலான நாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெனீவாவில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேசட்டும்! இங்கே மாடு வழி தவறினால், காளான் பொறுக்கப் போனவன் வேலி தாண்டிப் பிடிபட்டால், யார் பேசியது? ஊராட்சியில் என் எதிர் மேசையில் இருந்த ஜும்பெர் ஐயா அல்லவா பேசினார்!

அந்தப் பக்கத்துக் காவல் அதிகாரி காஸ்பெக், நம் இனமில்லை, அங்கே ஆளும் ஒசேத்தியர். அவருக்குத்தான் போன் போகும்.

"என்னடா காஸ்பெக், எங்க ஆளுக்குச் சோறு போட்டியா?"

"போட்டேன்யா. ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னான். சீக்கிரம் கூட்டிட்டுப் போ, எனக்குக் கட்டுப்படியாகாது!"

எதிரியோடு என்ன சிரிப்பு என்று ஏசினவர்கள் உண்டு. இந்த மண்டபத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். ஐயா சொன்ன பதில் ஒன்றுதான்: "அந்த மண்ணு நம்மது. சாகுற வரைக்கும் அதைத்தான் சொல்வேன். அதுக்காக ஆட்டுக்காரனை ஜெயில்ல விட்டுட்டு வரணுமா?" இதில் துரோகம் எங்கே இருக்கிறது? சொல்லுங்கள்!

அப்படி எத்தனையோ பேரை வீட்டுக்குக் கூட்டிவந்த மனிதர் போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அவரை யார் வீடு சேர்ப்பது? மனு மேல் மனு போட்டோம். மேலே கேட்க வேண்டும் என்றார்கள். அந்த மேலுக்கும் மேலே ஒன்று இருக்கிறதாம்! கடைசியில் காஸ்பெக் கூப்பிட்டார். "எட்டுப் பேர் வரலாம். பெட்டியோட வாங்க. மண்வெட்டி மட்டும் கொண்டுவராதீங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நமக்குத் தெரியும், குழி வெட்டுவது அக்கம்பக்கத்தார் கடமை. சொந்தக்காரர் மண்வெட்டியைத் தொட்டால் ஆகாது. அந்தப் பக்கத்தில் நம்மவர் ஒரு வீடும் மிச்சமில்லை. அக்கம்பக்கத்துக்கு எங்கே போவது? ஐயாவின் மனைவி எத்தெரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெட்டியை வெறும் தரையிலயா வச்சிட்டு வரப்போறோம்?" என்று கதறியது என் காதில் இன்னும் கேட்கிறது. வழியெல்லாம் காஸ்பெக்கைச் சபித்துக்கொண்டேதான் போனேன்.

போனால், குழி தயாராக இருக்கிறது! ஓரங்கள் சீராக, நம் முறைப்படி. நான்கு ஒசேத்தியர்கள் முழங்கால் வரை சேறோடு நிற்கிறார்கள். காஸ்பெக்கின் கையிலும் மண்வெட்டி.

"நீங்களா வெட்டினீங்க?" என்றேன்.

"பின்னே? அவருக்கு இங்க நாங்கதானே அக்கம்பக்கம்! வீட்டு ஆளுங்க நீங்க மண்ணைத் தொடலாமாம்மா?"

எத்தெரி அக்கா அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நம் வழக்கப்படி எல்லாரும் குழியில் ஒயின் ஊற்றினோம். அவர்களும் ஊற்றினார்கள். வேலி விழுந்துவிட்டதா? இல்லை. திரும்பும்போது நம் பின்னால் கதவைப் பூட்டினார்கள். ஆனாலும் நம் ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார்!

இன்று காலை ஐயாவின் மேசையில் போன் அடித்தது. யாரோ பிடிபட்டுவிட்டான் என்று பதறி எடுத்தேன். காஸ்பெக்.

"ராத்திரி நல்ல மழை. போய்ப் பார்த்துட்டு வந்தேன். மண்ணு இறங்கல. எத்தெரி அக்காகிட்டச் சொல்லிடு."

அக்கா, சொல்லிவிட்டேன்.

சபையோரே, இந்த மேடையில் உறுதி சொல்கிறேன்: இனி அந்த போனை நான் எடுப்பேன். நம் பிள்ளை எவன் பிடிபட்டாலும், மேலே கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். "என்னடா காஸ்பெக், எங்க ஆளுக்குச் சோறு போட்டியா?" என்று கேட்பேன். அப்போது என்னை ஏச வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். பிடிபட்டவன் வீடு வந்து சேர்ந்த பிறகு வாருங்கள்!