திறப்பு வாங்கப் போன கஜானி அக்கா

மேடையில் இருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, கதிரை கிடைக்காமல் வெயிலில் நிற்கிற என் தேற்றாத்தீவுச் சனமே, ஏறாவூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிற ஸாலிஹா ராத்தாவே, எல்லாருக்கும் கண்ணகையின் வணக்கம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க ஏலாட்டியும் கேளுங்கள்.

எங்கள் கஜானி அக்காவை 'மனிதநேயத் தலைவி' என்று இந்தப் பெரிய பெனரில் அடித்திருக்கிறீர்கள். நல்லது. அவ பார்த்திருந்தால், "தலைவியாம்! அப்ப சம்பளம் எங்ககா?" என்று கேட்டிருப்பா. போன கிழமை அவ பெட்டியில் வந்தா. திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பெற்ற தாய் மூடியைத் தடவிவிட்டுத்தான் வழியனுப்பினா.

இங்கே பேசின எல்லாரும் 'போரில் சிக்கி உயிரிழந்தார்' என்றீர்கள். சிக்கினவவா அவ? இல்லை! இரண்டு நாடுகள் அடிபட, நாங்கள் வீட்டு வேலைக்கு நின்ற மூன்றாவது நாட்டின் தலையில் குண்டு விழுந்தது. வீட்டுக்காரர் எல்லாரும் காரில் ஏறி மலைப்பக்கம் ஓடினார்கள். எங்களை ஏற்றவில்லை. வீட்டுக்குக் காவல் வேண்டுமாம். கதவை வெளியால் பூட்டி, திறப்பையும் கொண்டு போனார்கள். கஜானி அக்காவுடைய மேடம் மட்டும் நல்ல மனிசி, திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவ. அக்கா அந்த நிமிசமே ஊருக்கு வெளிக்கிட்டிருக்கலாம். வெளிக்கிட்டாவா? தெருத் தெருவாக எங்களைத் தேடி வந்தா.

நான் மூன்றாம் மாடியில். கீழே நின்று கத்தினா.

"கண்ணகை! செத்துட்டியா?"

"இன்னும் இல்லக்கா!"

"அப்ப எட்டிப் பாருகா. உன்ட மேடத்திர நம்பரச் சொல்லு."

நான் அழுதழுது மேடத்துக்கு எத்தனை தரம் போன் எடுத்திருப்பேன்! "சும்மா பயப்படாதே, வீட்டைப் பார்" என்பதுதான் பதில். அக்கா எடுத்தா. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. "மேடம், உங்கட பூனை சாப்பிடுதில்லையாம். சத்தத்துக்குப் பயந்து போச்சுதாம். டொக்டரிட்டக் கொண்டு போகட்டா?" என்று அரபியில் கேட்டா. அவ்வளவுதான்! மேடம் உடனே வாசல் காவல்காரனுக்கு போன் பண்ண, அவன் மற்றத் திறப்பைக் கொண்டு ஓடி வந்தான். எனக்குத் திறக்காத கதவு பூனைக்குத் திறந்தது. முன்னால் கூடையில் பூனை, பின்னால் நான்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்களுக்கு வெட்கமா இல்லையாக்கா? பூனையச் சொல்லியா என்ன வெளியில எடுக்கிற?" என்று ஏசினேன்.

"வெளியில வந்துட்டாய்தானே. மறுகா ஆறுதலா இருந்து வெட்கப்படு" என்றா.

அப்படித்தான் அவ ஒவ்வொரு கதவாகத் திறப்பித்தா. காவல்காரனிடம் ஒரு கதை, சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரனிடம் இன்னொரு கதை. யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கொழும்பிலிருந்து வந்திருக்கிற அரசாங்கத்து ஐயா இப்போது 'இராசதந்திரம்' என்று ஒரு சொல் சொன்னீர்கள். அது இதுதான் என்றால், ஐயா, அக்கா அதைச் செருப்புத் தேயத் தேயச் செய்தா. நீங்கள் அறிக்கை விட்டீர்கள். 'இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்.' சரி. யார் வேண்டாம் என்றது? ஆனால் மற்ற நாட்டுக்காரர் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பக்கத்தோடும் பேசி, ஒரு காலைப்பொழுது மட்டும் நகரத்தை விட்டு வெளியில் போகிற ரோட்டில் ஷெல்லடியை நிப்பாட்டுவித்து, தங்கள் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கட பஸ் எங்கே ஐயா? கேட்டீர்களா? கேட்டு இல்லை என்றார்களா? கேட்கவேயில்லையா?

ஷெல்லடி கொஞ்ச நேரம் நின்றால் எத்தனை சனம் உயிரோடு தப்பும் என்று இந்த ஊருக்குச் சொல்லித் தரவேண்டுமா? எங்கட யுத்தத்தில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு படுவான்கரையிலிருந்து தோணியில் வாவியைக் கடந்து வந்த சனம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தோணியில் வந்த பிள்ளைகளில் ஒருத்திதான் கஜானி அக்காவும்.

கடைசியாக மிஞ்சினது இர்ஷானா. ஸாலிஹா ராத்தாவின் மகள். அவள் நிற்கிற கட்டடத்துக் காவல்காரன் ஓடிவிட்டான். அவளுடைய மேடம் நம்பரை மாற்றிவிட்டா. நான் வந்த பிளேனில் அக்காவுக்கும் சீட் இருந்தது. "நீ போகா. இர்ஷானா வெளியில வரட்டும், மறுகா வாறன்" என்று என்னை ஏற்றிவிட்டா.

அந்தப் புது நம்பர் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. எங்களை அனுப்பின ஏஜென்சியில். இந்த மேடையில், ஆகப் பெரிய மலர்வளையத்தோடு வந்திருக்கிற ஜெயந்தன் தம்பியிடம். அக்கா அங்கிருந்து கெஞ்சினா. நான் வந்து இறங்கி இவருடைய ஒபிசுக்குப் போய்க் கெஞ்சினேன். "நம்பர் குடுக்க ஏலாது, ரூல்ஸ். வேலைக் கொந்தராத்து முடியல்ல, மேடம் கோவிப்பா" என்றார். ஓம் தம்பி, கோவிப்பாதான்! கோவிச்சால் என்ன, குண்டா போடுவா?

நம்பர் கிடைக்காதபடியால்தான் அக்கா கால்நடையாக வெளிக்கிட்டா. அந்த மேடத்தின் தம்பிக்கு நகரத்து மற்றப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறதாம். அவனிடம் ஒரு திறப்பு இருக்குமாம். அந்தக் கடைக்குப் போகிற ரோட்டில்தான் குண்டு விழுந்தது.

ஒரு போன். ஒரே ஒரு போனில் முடிந்திருக்க வேண்டிய காரியம்!

இர்ஷானா இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறாள். காலையில் தாய்க்கு வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறாள். "உம்மா, தண்ணி டாங்கியில அடியில கொஞ்சந்தான் கிடக்கு. கஜானி அக்கா ஏன் இன்னும் வரல்ல?" என்று கேட்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஸாலிஹா ராத்தா எப்படிச் சொல்லுவா?

தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறீர்கள். அடுத்தது இரண்டு நிமிச மௌனம் என்று தெரியும். வேண்டாம் ஐயா. ஒருத்தரும் எழும்பாதீங்கோ. எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வந்த வினைதான் இது. அந்த இரண்டு நிமிசத்தை எனக்குத் தாருங்கள்.

கொழும்பு ஐயா, இர்ஷானா வெளியில் வர, ஷெல்லடி இல்லாத ஒரு காலைப்பொழுது கேளுங்கள். இரண்டு பக்கத்திடமும் கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.

ஜெயந்தன் தம்பி, நீங்கள் போனை எடுங்கள். தலையைக் குனியாதீங்கோ. உங்களை ஏச நான் வரவில்லை. நம்பரை எனக்குத் தரவும் வேண்டாம், நீங்களே மேடத்துக்குப் போன் அடியுங்கள். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வையுங்கள். ஸாலிஹா ராத்தா, மேலே வாங்கோ. உங்களுக்கும் அரபி வரும்தானே, பெற்ற தாய் நீங்களே கதையுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லாரும் சொல்லி முடித்துவிட்டீர்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். மேடம் எடுக்காவிட்டால் திரும்ப அடிப்போம். வெட்டினால் திரும்பவும் அடிப்போம். இர்ஷானாவின் கதவு திறக்கும் வரைக்கும் இந்தக் கூட்டம் கலையாது.

அடியுங்கள் தம்பி.