கேப்டன் சொன்னது இரண்டு பேருக்குக் கேட்டது

ஓடுகிறோம். வயல் வரப்பு. சேறு பூட்சைப் பிடித்து இழுக்கிறது. தூரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ மூட்டையை இறக்கிப் போட்டதுபோல. அடுத்து, சீலையைக் கிழிப்பதுபோல வானத்தில் ஒரு இழுப்பு. அந்தக் குண்டு தலைக்கு மேல் நீண்டு போனால் பிழைத்தோம். பாதியில் நின்றால் நமக்குத்தான்.

நின்றது.

"படு! படு!"

படுத்தேன். நிலம் எழும்பி என் வயிற்றில் குத்தியது. பிறகு எதுவும் கேட்கவில்லை. காதுக்குள் ஒரு விசில் மட்டும்.

டிசம்பர், எழுபத்தொன்று. கிழக்கு எல்லை. நான் படைப்பிரிவின் நர்சிங் அசிஸ்டென்ட். பெயர் சின்னுசாமி. புதுச்சத்திரத்துக்கு மேற்கே, சோளக்காட்டுக்கு நடுவே எங்கள் வீடு. காயம்பட்டவனிடம் முதலில் போய்ச் சேர வேண்டியவன் நான். டாக்டரிடம் கொண்டுபோகும்வரை அவன் உயிரைப் பிடித்து வைத்திருப்பது என் வேலை. அதற்குத்தான் சம்பளம். அதற்குத்தான் தோளில் அந்தப் பை.

தலையைத் தூக்குகிறேன். மூன்று பேர் கிடக்கிறார்கள்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். கத்துகிறவனிடம் முதலில் ஓடாதே. கத்துகிறான் என்றால் மூச்சு இருக்கிறது. சத்தமில்லாதவனைப் பார். மூச்சு வருகிறதா. ரத்தம் போகிறதா. நாடி எங்கே கிடைக்கிறது, மணிக்கட்டிலா, கழுத்திலா. தோல் சுடுகிறதா, சில்லிட்டிருக்கிறதா. பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சேற்றில் முகம் புதைந்து கிடந்தவர் ஹவில்தார். புரட்டினேன். வாயிலிருந்த சேற்றை விரலால் வழித்தேன். கழுத்தில் விரல் வைத்தேன். இல்லை. மறுபக்கம் வைத்தேன். இல்லை. விட்டுவிட்டு எழுந்தேன். அப்படி விட்டுவிட்டு எழுவதை எந்தப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்காது.

அடுத்து, வரப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் எங்கள் கேப்டன். வடக்கத்தியர். என்னைவிட இளையவர். வலது மார்பில் சட்டை கிழிந்து சிறிய ஓட்டை. மூச்சு வந்தது. பேச்சும் வந்தது. நான் அவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். பக்கத்தில் கிடந்தவனைக் காட்டினார். இந்தியில் சொன்னார்.

"முதலில் அவனைப் பார். எனக்கு ஒன்றுமில்லை."

அந்த மூன்றாவது ஆள் ரங்கசாமி. சேந்தமங்கலத்துக்காரன். சேலத்தில் ஆள் எடுத்த அன்று நானும் அவனும் ஒரே வரிசையில் நின்றவர்கள். மாமன் மச்சான் முறை; ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்றே கூப்பிடுவோம். கேப்டனுக்கும் அவனுக்கும் இடையே ஒரு கை தூரம்தான். கண் திறந்திருந்தான். கேப்டனையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே தோலில் தொங்கியது. ரத்தம் நாடித் துடிப்புக்கு ஏற்பப் பீய்ச்சி அடித்தது. அப்படிப் போகும் ரத்தம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூடத் தராது.

பெல்ட்டைக் கழற்றித் தொடையில் கட்டினேன். ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். அலறினான். இன்னும் முறுக்கினேன். ரத்தம் நின்றது.

கேப்டனிடம் திரும்பினேன். அதற்குள் உதடு நிறம் மாறிவிட்டது. ஓட்டையில் மூச்சுக்கு மூச்சு நுரை கொப்பளித்தது. கட்டுத்துணி சுற்றி வந்த ரப்பர் உறையைக் கிழித்து மேலே வைத்தேன். மூன்று பக்கம் ஒட்டினேன். ஒரு பக்கத்தை விட்டேன். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற அந்த வழி வேண்டும். மூச்சுத் திணறல் சற்று இறங்கியது. தூக்கி உட்கார வைத்தேன். படுக்க வைத்தால் மூச்சு முட்டும்.

ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான் வந்தது. கேப்டனை ஏற்றி அனுப்பினேன். ரங்கசாமியை என் முதுகில் போட்டுக்கொண்டேன். அவன் தூங்கிவிடக் கூடாது. பேசு, பேசு என்று அதட்டிக்கொண்டே நடந்தேன். அவன் என் காதில் பேசினான்.

"மாப்ள. அந்தக் கேப்டன் சொன்னதக் கேட்டியா? அவனப் பாருன்னாரு மாப்ள. அவரு மனுசனில்ல. சாமி."

மறக்க மாட்டேன். அவன் வாயால் சொன்னது.

கேப்டன் வழியிலேயே இறந்துவிட்டார். நெஞ்சுக்குள்ளே ரத்தம் நிறைந்துவிட்டது. அதை வடிக்கக் குழாய் வேண்டும், சர்ஜன் வேண்டும். என் பையில் இரண்டும் இல்லை.

போர் முடிந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு அறை. மேசைக்குப் பின்னால் அதிகாரிகள். இறந்த கேப்டனின் உறவினர் மேலிடத்தில் பெரிய பதவியில் இருந்தார். அதனால் விசாரணை.

கேள்வி இது. கை எட்டும் தூரத்தில் ஒரு அதிகாரி காயப்பட்டுக் கிடந்தார். அவரை விட்டுவிட்டு ஏன் சிப்பாயிடம் போனாய்? அதுவும் உன் ஊர்க்காரனிடம்?

மூச்சையும் ரத்தத்தையும் பற்றிச் சொன்னேன். கேப்டன் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். வேறு யாருக்காவது அது கேட்டதா என்றார்கள். ரங்கசாமிக்குக் கேட்டது என்றேன். சொல்லும்போதே மனசு லேசானது. அவன் இருக்கிறானே. அவன் சொல்வானே.

சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். காலை முழங்காலுக்கு மேல் எடுத்திருந்தார்கள். மடியில் கம்பளி. அந்தக் கம்பளியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்கு நினைவில்லை, சாப். மயக்கத்தில் இருந்தேன். எதுவும் கேட்கவில்லை."

அவன் அதோடு நிறுத்தவில்லை.

"கண் விழித்தபோது சின்னுசாமி என்னிடம்தான் இருந்தான். கேப்டன் தனியாகக் கிடந்தார்."

மயக்கத்தில் இருந்தவனுக்கு அது மட்டும் தெரிந்திருக்கிறது. யாரும் அதைக் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. கதவுவரை அந்தச் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைச் சிறையில் போடவில்லை. இனி உன் சேவை தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

சேலத்தில் ரயில் இறங்கி, நாமக்கல் பஸ் பிடித்து, புதுச்சத்திரத்தில் இறங்கினேன். எனக்கு முன்னால் சேதி வந்திருந்தது. டீக்கடையில் பேச்சு நின்றது. நான் தாண்டியதும் மறுபடி தொடங்கியது. "ஆபீசரச் சாவ உட்டுப்போட்டு வந்தவனாமா." என் அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சேந்தமங்கலத்தில் ரங்கசாமிக்கு மேளம் வைத்து வரவேற்பு. காலை இழந்த வீரனுக்கு அரசாங்கம் பெட்ரோல் பங்க் கொடுத்தது. சேலம் ரோட்டில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில்.

ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிற வேலை கேட்டுப் போனேன். பட்டாளத்தில் ஏன் அனுப்பினார்கள் என்றார்கள். சொன்னேன். போகச் சொன்னார்கள். எனக்கென்று பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா வந்தார். மோர் குடித்தார். "கோவிச்சுக்காதீங்க, ஊரு ஒரு மாதிரி பேசுதுங்க" என்றார். எழுந்து போனார். கடைசியில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்தது. குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து. ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு. நல்ல கை என்றார் பண்ணைக்காரர்.

எண்பத்துமூன்று. பங்குனி வெயில். மருந்துப் பெட்டியோடு மொபெட்டில் போகிறேன். முன்னால் டயர் தேயும் நீண்ட சத்தம். தகரம் நசுங்கும் சத்தம். பிறகு எதுவுமே இல்லை. அந்த நிசப்தம் எனக்குத் தெரிந்த நிசப்தம். உடம்பு தானாகக் குனிந்தது.

ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரியும் டவுன் பஸ்ஸும். ரங்கசாமியின் பங்க்குக்கு எதிரே.

ஓடுகிறேன். சனம் ஓடி வருகிறது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

"இழுக்காதீங்க! கழுத்தத் திருப்பாதீங்க! பலகை கொண்டாங்க!"

கண்டக்டர் படியிலேயே முடிந்திருந்தார். ஜன்னலோரம் ஒரு பள்ளிக்கூடப் பெண். மூச்சு இருந்தது. பிறகு, என் கையிலேயே, இல்லை. கிடத்திவிட்டு அடுத்த ஆளிடம் போனேன். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். யாரோ சொம்போடு குனிந்தார்கள்.

"தண்ணி குடுக்காதீங்க! உதட்ட மட்டும் நனைங்க!"

பெரிய சத்தம் போட்டவர் நூல் மில் முதலாளி ஒருவர். கை ஒடிந்திருந்தது. ரோட்டில் நின்ற ஒரே அம்பாசிடரில் அவரைப் படுக்க வைக்கத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மைல் கல்லில் சாய்ந்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. நான் குனிந்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சாமி. அந்தப் புள்ளைகளப் பாருங்க."

அந்த வெயிலில் நெற்றி ஈரமாய்ச் சில்லிட்டிருந்தது. நாடி மணிக்கட்டில் நூலாக ஓடியது. வயிறு பலகை போல இறுகியிருந்தது. உள்ளே ரத்தம் போகிறது.

"இந்தம்மாவ மொதல்ல ஏத்துங்க! படுக்க வெச்சு, காலத் தூக்கி வைங்க! மொதலாளி முன்சீட்ல உக்காரட்டும், கைய நான் கட்டி உடறேன்!"

"நீ ஆரு? டாக்டரா?"

"இவனா! பட்டாளத்துல ஆபீசரச் சாவ உட்டவனாச்சே!"

யாரும் நகரவில்லை. அந்த அம்மாவின் கண் சொருகத் தொடங்கியது. அப்போது பங்க்கிலிருந்து ஊன்றுகோல் சத்தம் வந்தது. கூட்டம் விலகியது. ரங்கசாமி. வெள்ளை வேட்டி, ஒற்றைச் செருப்பு. என் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

"அவஞ் சொல்றதச் செய்யுங்க. இன்னிக்கி எம்பட உசுரு இருக்குதுன்னா அவந்தான்."

உடனே செய்தார்கள். அவன் சொன்னதும் செய்தார்கள். மடித்த செய்தித்தாளை வைத்து முதலாளியின் கையைக் கட்டினேன். கார் போனது.

மற்றவர்களையும் அனுப்பியபின் பங்க்கில் இருந்த குழாயில் கை கழுவினேன். அவன் பின்னால் வந்து நின்றான்.

"மாப்ள."

நான் திரும்பாமலே கேட்டேன்.

"கேப்டன் சொன்னது உனக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான்.

"கேட்டுச்சு."

"அப்பறம் ஏஞ் சொல்லல?"

"முந்தின நாளே ஒரு பெரிய ஆபீசரு வந்தாரு. மயக்கமா இருந்தேன்னு சொல்லு, உன்னய நாங்க பாத்துக்கறம்னாரு. ஒத்தக் காலு மாப்ள. அப்பன் இல்ல. ரெண்டு தங்கச்சிக. நான் எந்த வேலைக்குப் போவேன்?"

"செரி. இப்பச் சொல்லு. எனக்காவ வேண்டாம். அந்தக் கேப்டனப் பெத்தவங்க இருப்பாங்க. அவங்களுக்காச்சும் சொல்லு."

தரையைப் பார்த்தான். அன்று கம்பளியைப் பார்த்ததுபோல.

"பங்க் போயிரும் மாப்ள. பசங்க படிக்கறாங்க. இனிமே ஊருக்குள்ள உன்னய ஆரும் ஒரு சொல்லு சொல்லாம நாம் பாத்துக்கறேன்."

குழாயை மூடினேன். மொபெட்டை எடுத்தேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

அந்த அம்மாவுக்கு அன்றே வயிற்றில் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார். அவர் மகன் பங்க்கைத் தேடி வந்து ரங்கசாமிக்கு மாலை போட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் ராணுவத்துக்கு எழுதிப் பார்த்தேன். விசாரணை முடிந்த விஷயம், சாட்சியின் வாக்குமூலம் இருக்கிறது என்று பதில் வந்தது. கேப்டன் வீட்டு முகவரி கேட்டேன். தரவில்லை.

எண்பத்தாறில் ரங்கசாமி சர்க்கரை வியாதியில் இறந்தான். தேசியக்கொடி போர்த்தினார்கள். கூடப் போரிட்டவனைக் கைவிடாத வீரன் என்று ஒருவர் மைக்கில் பேசினார். நான் ரோட்டோரம் நின்று கேட்டேன். அவன் சம்சாரம் என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

போனவர்கள் இவர்கள். ஹவில்தார், சேற்றில். கேப்டன், வழியில். கண்டக்டர், பஸ் படியில். பள்ளிக்கூடப் பெண், என் கையில். அவள் பெயரைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரங்கசாமி, அந்த விசாரணை அறையில் ஒரு தரம், எண்பத்தாறில் இன்னொரு தரம்.

போனவை இவை. அவனுடைய ஒரு கால். என்னுடைய வேலை. என் வீட்டுக்கு வர இருந்த ஒரு பெண். அப்பா என்னிடம் கேட்காமலே கண்மூடிய ஒரு கேள்வி.

இன்னொன்றும் போனது. அது என்னுடையதில்லை. வடக்கே எங்கோ ஒரு தாய், தன் மகனைக் கவனிக்காமல் சாக விட்டுவிட்டார்கள் என்றே நம்பியிருப்பார். மார்பில் ஓட்டையோடு உட்கார்ந்துகொண்டு அடுத்தவனைப் பார்க்கச் சொன்ன பிள்ளை அவர் பெற்ற பிள்ளை. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.