குகை வளைவில் கவிழ்ந்த கருப்பு எஞ்சினும் எங்கள் அக்காவும்

சின்னஞ்சிறு சக்கரங்களின் பெருமருத்துவரே, தடம் புரண்டவற்றைத் தடமேற்றிய தகைமையே, தூசியையும் துருவையும் துருவித் துருவிப் பார்த்தவரே, "நல்லாத்தான் ஓடுது" என்று எவர் சொன்னாலும் நம்பாத நுண்ணறிவே, எங்கள் கூடத்து மேசையில் ஓடும் மாதிரி ரயில்களைப் பழுது பார்க்கும் அக்காவே! வணக்கம். இந்த வணக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்பீர்கள் என்று அறிவோம்.

எஞ்சின் கவிழ்ந்தால் ஊரே எஞ்சினைத் திட்டும். தாங்களோ மேசையில் கன்னம் பதித்து, ஒரு கண்ணை மூடி, தண்டவாளத்தின் வழியே நோக்குவீர்கள். இணைப்புகளை நகத்தால் தடவுவீர்கள். "முதல்ல தண்டவாளம், அப்புறம் சக்கரம், அப்புறம் கை. எஞ்சின் பாவம், அது கடைசி" என்பது தங்கள் வேதம். "சும்மாவே விழுந்துச்சுக்கா" என்று நம் எலக்ட்ரீஷியன் ஒருநாள் சொன்னபோது, அவரது வழுக்கையை ஏற இறங்கப் பார்த்து, "சும்மா விழறதுக்கு அது என்ன உன் தலைமுடியா?" என்று கேட்டீர்கள். அவர் அன்றுமுதல் தொப்பியோடுதான் வேலைக்கு வருகிறார்.

இத்தகைய தாங்கள் விடைபெறும் வாரத்தில்தான் எங்களுக்குச் சோதனை வந்தது. தாங்கள் எதையும் தொடக் கூடாது, நாங்களே ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார் மேலாளர். "அக்கா இல்லாம ஓடலைன்னா எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கிட்டு நாற்காலி போட்டுடலாம்" என்றும் சொன்னார். அன்று பிற்பகலே குகை வளைவில் கருப்பு எஞ்சின் குப்புற விழுந்தது. மறுநாளும் அதே இடத்தில் விழுந்தது. வழியனுப்பும் நாளிலும் விழுந்தால் பேச்சே இல்லை என்றார் மேலாளர்.

தண்டவாளத்தைத் துடைத்தோம். சக்கரங்களின் இடைவெளியை அளந்தோம். இறுகிய திருகைத் தளர்த்தினோம். பிறகு, தங்கள் பயிற்சியின் பயனாக, ஒருவரையொருவர் சந்தேகித்தோம். எலக்ட்ரீஷியன் துடைப்பத்தை முறைத்தார். "என் துடைப்பம் தரையோட சரி தம்பி, உன் ஒயர்தான் மேசைக்கு அடியில ஊருது" என்றார் கூட்டிப் பெருக்கும் அண்ணன். வேகக் கட்டுப்பாட்டைப் பிடித்திருந்த இம்மடலாசிரியரை இருவருமே சந்தேகித்தார்கள். இரண்டு பேர் சொன்னால் இருக்கும் என்று அவரும் பாதி நம்பிவிட்டார்.

நேற்றுப் பிற்பகல் தாங்கள் தேநீர் குடிக்கப் போனீர்கள். எஞ்சின் சுற்றிச் சுற்றி வந்தது, விழவில்லை. திரும்பி வந்தீர்கள், விழுந்தது. அண்ணன்தான் கிசுகிசுத்தார்: "அக்கா முழங்கையப் பாரு."

பார்த்தோம். குகை வளைவின் ஓரத்தில் தங்கள் முழங்கை. அதன் பாரத்தில் மேசைப் பலகை மயிரிழை தாழ்ந்து, தண்டவாள இணைப்பில் ஒரு படி எழுந்திருந்தது. அதில்தான் சக்கரம் ஏறிக் கவிழ்ந்தது. வேலையிலிருந்த காலமெல்லாம் மேசை நடுவே உள்ள திறப்பில் நின்றவர் தாங்கள். பார்வையாளராக வெளிப்பக்கம் நின்றது இந்த வாரந்தான். தலைக்கு மேலே, தங்கள் கையெழுத்திலேயே, "மேசையில் சாயாதீர்கள்" என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேதான் சாஞ்சீங்களாக்கா?" என்று கேட்டோம். தாங்கள் கண்ணாடியைத் துடைத்தபடி, "அப்புறம் கைன்னு சொன்னேன்ல? யார் கைன்னு சொன்னேனா?" என்றீர்கள்.

இதை நாங்கள் நம்பவில்லை. எங்களைச் சோதிக்கத்தான் சாய்ந்தீர்கள் என்றால், துடைத்துப் போட்ட பிறகும் கண்ணாடிக்குப் பின்னால் ஏன் ஈரம்? சோதிக்கவில்லை என்றால், அந்தச் சிரிப்பு எதற்கு? இந்த ஒரு பழுதை மட்டும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதோ, இம்மடல் வாசிக்கப்படும் வேளையில், தங்கள் முதுகுக்குப் பின்னால் கருப்பு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து கைகட்டிப் பார்த்த மேலாளர், "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார், நாற்காலிகள் வராது. திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கத் தாங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரிகிறது.

பொன்னாடை வாங்கவில்லை. குகை வளைவின் அருகே, தரையில் தனிக்காலூன்றி, ஒரு மரக் கைப்பிடி நட்டிருக்கிறோம். அது தங்கள் முழங்கைக்கு மட்டும். மூட்டுவலி அண்டாமல், பார்வை மங்காமல், சந்தேகம் சற்றும் குறையாமல் நீடு வாழ்க. நினைத்தபோதெல்லாம் வந்து சாய்க. கைப்பிடி மேசையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்ப்பீர்கள். பாருங்கள், ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டிருக்கிறோம்.

தாங்கள் பழக்கிய சந்தேகத்தோடும், அதைவிடச் சற்றே கூடுதலான அன்போடும்,
மாதிரி ரயில் கூடத்து ஊழியர்கள்