கோயிலில் தொங்கும் ரம்பம்

காலை லோக்கல் ரயிலில் பொன்னேரியில் ஏறிய பழவேற்காட்டு மீன்காரப் பெண்கள் இருவரில் இளையவள், கூடையை இறக்கியதுமே கூவினாள்.

"அக்கா, நம்ம அம்மன் கோயில்ல தொங்குற ரம்பம் நேத்து உயிரோட வந்துச்சுக்கா!"

"இன்னாடி ஒளறுற?"

"வேளா மீனுக்கா! மூக்குல ரம்பத்தோட, கை நீளக் குட்டி, எங்க வலையில மாட்டிக்கினு துள்ளுது!"

"அந்த மீனே பூண்டோட அத்துப்போச்சின்னாங்களே! வழக்கப்படி ரம்பத்த அறுத்து அம்மனுக்குக் குடுத்துட்டீங்களா?"

"ஊட்டுக்காரரு கத்திய எடுத்தாரு. நான் புடுங்கி, வலைய அறுத்து மீன உட்டுட்டேன்."

"புது வலையாச்சேடி! அம்மன் கோச்சிக்காதா?"

"அம்மனும் பொம்பளதானக்கா. குட்டி வந்துச்சுன்னா, பெத்தவ ஒருத்தி அந்தத் தண்ணியில இன்னும் கீறா!"

பெட்டியில் இருந்த பயணிகள் யாருமே செல்போனைப் பார்க்கவில்லை; எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.