நூல் தீர்ந்த கோன்

சாயங்கால பல்லடம் பஸ். அருள்புரத்தில் ஏறிய இரண்டு பனியன் கம்பெனி டெய்லர் பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் பெருமூச்சு விட்டார்.

"இன்னிக்குப் பொழுதுக்கும் ஐடில் கண்ணு. இடுப்பே உட்டுப் போச்சு."

"சும்மா இருந்ததுக்கா யக்கா இடுப்பு வலிக்கு?" இளையவளுக்குத் தெற்கத்திப் பேச்சு.

"கட்டிங்ல இருந்து துணியே வரல. மிஷின்ல 'ஐடில்'னு அட்டைய மாட்டிட்டுப் போயிட்டாங்க. நானும் அதும் முன்னாடியே உக்காந்திருந்தேன்."

"கொஞ்சம் எந்திச்சு நடந்திருக்கலாம்லா?"

மூத்தவர் பேச்சை மாற்றினார்.

"எம்பட புள்ள போன்ல பாத்துச் சொன்னா. அந்தக் காலத்து இங்கிலீசுல ஐடில்னா காலின்னு அர்த்தமாமா. ஒண்ணுமே இல்லாத நெலத்தக்கூட அப்படித்தான் சொல்லுவாங்களாமா. சும்மா இருக்கற ஆளச் சொல்றதெல்லாம் பொறவு வந்துதாமா."

"நூல் தீந்த கோன் மாதிரியா?"

"அதேதான்."

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

"யக்கா, தீந்த கோன மிஷின்ல வச்சிருக்க மாட்டாவல்லா?"

"தெரியும் கண்ணு. அதனாலதான் சூப்பர்வைசர் ஊட்டுக்குப் போகச் சொல்லியும் நான் சீட்ட உட்டு எந்திரிக்கல."