பிசிக்ஸ் நல்லா வரும்

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு அப்பாவும் பன்னிரண்டாம் வகுப்பு மகளும். அவர் கல்பாக்கத்தில் விஞ்ஞானி என்பது கழுத்தில் தொங்கிய அட்டையில் தெரிந்தது. மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் எந்தெந்தப் பாடங்களை எழுதுவது என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இங்கிலீஷ், ஹிஸ்டரி, பொது அறிவு. பிசிக்ஸ் எங்கம்மா?"

"எனக்கு பிசிக்ஸ் நல்லா வரும்பா. அதான் எடுக்கல."

நான் படித்துக்கொண்டிருந்த வாரப் பத்திரிகையை மூடிவிட்டேன்.

"ஸ்கூல்ல படிச்சத விட்டுட்டு, படிக்காத ஹிஸ்டரிய எழுதப் போறியா?"

"எழுதலாம்னு ரூல் இருக்கு. ஒரு வருஷமா நானே படிச்சுக்கிட்டுதான இருக்கேன்."

"சரி எழுது. பிசிக்ஸும் ஒரு சேஃப்டிக்கு இருக்கட்டுமே."

"அதுல மார்க் நிறைய வந்துடும்பா. இவ்ளோ மார்க்க வச்சுக்கிட்டு ஹிஸ்டரிக்கா போறன்னு எல்லாரும் கேப்பீங்க. நானும் சரின்னு பிசிக்ஸ்லயே சேந்துடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேருந்து காலியானது. மறுபடி கிளம்பியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"ஹிஸ்டரில மார்க் கம்மியா வந்தா?"

"அடுத்த வருஷம் திரும்ப எழுதுவேன். பிசிக்ஸ்ல சேந்துட்டா அப்புறம் திரும்பி வர முடியுமாப்பா?"

அவர் கழுத்து அட்டையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னால முடியல" என்றார். "உன் வயசுல எனக்கு இந்த யோசனை வரலம்மா. பிசிக்ஸ் வேணாம், விட்டுடு."